சுவர் இல்லாத வீடு

"இது நீதானாடா?" என்று கேட்டார் அந்தச் சீமையை ஆண்ட பிரபு.

ஜெர்வே குனிந்து பார்த்தான். பிரபுவின் ஜெபப் புத்தகம். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு படம் வரைய ஓர் ஓவியனிடம் சொல்லியிருந்தார். விரித்திருந்தது பிப்ரவரி. உள்ளங்கை அகலப் பக்கத்துக்குள் அவனுடைய ஊரே பனி மூடிக் கிடந்தது. ஓரத்தில் ஒருவன் கோடாலியை ஓங்கி மரம் வெட்டிக்கொண்டிருந்தான்.

ஜெர்வே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பிரபுவின் காட்டில் சுள்ளி பொறுக்கலாம். கோடாலி வைத்தால் கை போய்விடும். வெட்டுகிறவன் யாரென்று தெரியாமல் காட்டுக் காவலன் அர்னூல் வருஷக்கணக்காக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இப்போது பக்கத்தில் நின்று இளித்தான்.

"நல்லாப் பாருப்பா. அவசரமே இல்ல."

பார்க்கப் பார்க்க ஜெர்வேக்குக் குழப்பம்தான் கூடியது. தொப்பி அவனுடையது. ஒரு காது மடிந்த கழுதை அவனுடையது. ஆனால் சட்டை நீலம், கோயிலில் மாதாவின் அங்கிக்கு மட்டும் பூசுகிற நீலம். ஜென்மத்தில் அவன் நீலம் உடுத்தியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அந்த ஓவியன் வந்திருந்தான். ஒரு வாரம் இவன் வீட்டில் முட்டைக்கோஸ் சூப்பைக் குடித்துவிட்டு ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். பாவி மனுஷன், தின்ற வீட்டையே காட்டிக்கொடுத்துவிட்டான்.

"சட்டை என்னுது இல்லீங்க எஜமான்."

"வீடு?"

வீட்டைப் பார்த்ததும் அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. முன்சுவரைக் காணோம். கம்பில் காயும் துணி, பூனை, கணப்பு என்று உள்ளே இருந்த எல்லாமே வெளியே தெரிந்தன. சுவரை எவன் எடுத்தான்? பனி உள்ளே வராதா? உள்ளே உட்கார்ந்து சூப் குடித்தவன், தெருவிலிருந்து பார்த்த மாதிரி எப்படி வரைந்தான்?

கணப்பின் முன்னால் அவன் பெண்டாட்டி மாரியோன் உட்கார்ந்து, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிவிட்டுக் குளிர்காய்ந்துகொண்டிருந்தாள். ஆள் வரும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் கேட்டதே இல்லை. ஒரு பக்கம் மட்டும் கோணுகிற அதே சிரிப்பு.

ஜெர்வே படத்திலிருந்து கண்ணை எடுத்தான்.

"சுவரே இல்லாத வீட்டுல எவன் குடியிருப்பான், எஜமான்? எங்க ஊர்ல அப்படி வீடே கிடையாதுங்க."

பிரபு வாய்விட்டுச் சிரித்தார். அர்னூலின் முகம் தொங்கிப்போனது.

"அந்தப் பொம்பள?"

"தெரியாதுங்க."

பிரபு கையை அசைத்து அவனைப் போகச் சொன்னார். பக்கத்தைப் புரட்டினார். மார்ச்சில் யாரோ உழுதுகொண்டிருந்தார்கள்.

ஜெர்வே கதவுவரை போனான். பிழைத்துக்கொண்டான், சந்தோஷப்படத்தான் வேண்டும். கால் ஏன் நகர மாட்டேன் என்கிறது என்று அவனுக்கே விளங்கவில்லை.

மாரியோனைப் புதைத்து இரண்டு வருஷம் ஆகிறது. கொஞ்ச நாளாக அவளை நினைத்தால் குரல் வந்தது, பாவாடை வந்தது. முகம் மட்டும் வரவே இல்லை. அது அவனுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

அவன் திரும்பி வந்தான்.

"அது நான்தாங்க எஜமான். வீடும் என்னுதுதான். அந்தப் பக்கத்த இன்னொரு தடவ காட்டுங்க."