பெரிய மாப்பிள்ளையின் பெரிய மனசு

மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டினார். ஜாக்கியில் நின்ற பெரிய கார் லொடக், லொடக் என்றது.

மாமனாருக்குத் தன் முழங்காலே கழன்ற மாதிரி இருந்தது.

கண் மங்கிவிட்டதால் அந்தக் காரைச் சின்ன மாப்பிள்ளைக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். சின்ன மகள் கைக்குழந்தையோடு பைக்கில் போய் வருகிறாளே என்ற கவலை.

கொடுக்கும் முன் ஒருதரம் காட்டிவிடுவோம் என்று எல்லாரையும் இந்தப் பட்டறைக்கு இழுத்து வந்தவர் பெரிய மாப்பிள்ளைதான். குடும்பத்தில் அடுத்தவருக்கு எது கிடைத்தாலும், அதில் குறை ஏதும் இருக்குமோ என்று முதலில் பதறுகிற மனசு அவருக்கு.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தபடியே சொல்லிக்கொண்டு போனார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. ரப்பர் புஷ் எல்லாம் கிழிந்து தொங்குகிறது. அதையெல்லாம் மாற்றிவிடலாம், ஆனால் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமே இற்றுப் போயிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்திக் காட்டினார். துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஓடுறப்பவே சக்கரம் மடங்கிக்கும் சார். புதுசாப் போட்டாலும் நிக்காது."

பெரிய மாப்பிள்ளை துக்க வீட்டு முகத்தோடு தலையாட்டினார். அவசரப்படாமல் நன்றாகப் பார்க்கும்படி எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் மறுபக்கமும் குத்தினார். அங்கும் உதிர்ந்தது.

குழந்தையை நினைத்துச் சின்ன மாப்பிள்ளை வெலவெலத்துப் போனார். எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் மாமனார்.

அங்கேதான் பெரிய மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினார். மாமா ஆசையாக வைத்திருந்த வண்டியை எடைக்குப் போடுவதா? அந்தச் சனியன் தன்னோடு போகட்டும், எப்படியாவது தேற்றிக்கொள்வார். சகலை தன் சின்னக் காரை எடுத்துக்கொள்ளட்டும். சின்னதுதான், ஆனால் பூ மாதிரி ஓடும். சொன்னதோடு நிற்காமல் சாவியையும் சகலையின் கையில் திணித்தார்.

மாமனார் கண் கலங்கிவிட்டார். சகலை காலில் விழாத குறை.

சின்னக் கார் அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு சத்தமே இல்லாமல் தெருமுனையில் திரும்பியது.

பெரிய மாப்பிள்ளை அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவிழ்த்துவிட்டார். பெரிய காரின் பானெட்டைத் தடவினார். கல்யாணத்தன்று அதில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து உள்ளே புழுங்கிய ஆசை.

மெக்கானிக்கின் தோளில் தட்டினார். "நேத்து போன்ல நான் சொன்னதைவிட ஒருபடி மேலேயே போயிட்டீங்க. அந்தத் துருவை எங்க பிடிச்சீங்க?"

மெக்கானிக் கையைத் துடைத்தபடி விழித்தார். பட்டறை போன் அவர் அண்ணன் கையில்தான் இருக்குமாம். அண்ணன் விடியற்காலையிலேயே வெளியூர் கிளம்பிவிட்டாராம். இவரிடம் ஒன்றும் சொல்லவில்லையாம்.

"நான் கண்ணால கண்டதைத்தான் சார் சொன்னேன்," என்றார் அக்கறையோடு. "நீங்க நடந்தே போயிடுங்க."