கோடு விழுந்த வானம்

குடை விரித்தது போல் பாறைகள் நிற்கும் ஒரு உப்புப் பாலைவனத்தில், இரவு வானத்தைப் படம் எடுக்க ஒரு கேமராவும் அதைத் தாங்கும் முக்காலியும் நின்றன.

"போன படம் ஆடிப்போச்சு. இதுவும் ஆடினா உன்னை இங்கேயே போட்டுட்டுப் போயிடுவேன்" என்று முக்காலியிடம் சொல்லிவிட்டு, போட்டோக்காரர் கேமராவின் கண்ணைத் திறந்துவைத்தார். அது மூடும்வரை முக்காலி துளியும் அசையக் கூடாது.

"தம்பி, என் இடது கால் உப்புல இறங்குதோ?" என்று முக்காலி கேமராவிடம் கேட்டது.

"இறங்கலை அக்கா."

"காத்து வேற வருதே."

"நீங்க புலம்புறதுலதான் எனக்கு ஆடுது. பேசாம நில்லுங்க."

முக்காலி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. வெகுநேரம் கழித்துக் கண் மூடியது.

"எப்படி வந்திருக்கு?"

"நட்சத்திரமெல்லாம் கோடு கோடா இழுத்திருக்கு அக்கா."

முக்காலி அலறியது: "ஐயோ, ஆட்டிட்டேன்! என்னை விட்டுட்டுப் போகப்போறார்!"

"முழுசாக் கேளுங்க. பாறைகள் கொஞ்சமும் கலங்காம இருக்கு. நீங்க ஆடியிருந்தா அதுவும்தானே ஆடியிருக்கும்? நகர்ந்தது வானம்."

போட்டோக்காரர் வந்து படத்தைப் பார்த்து, "இந்தக் கோடுகள்தான் எனக்கு வேணும்!" என்று துள்ளினார். முக்காலியின் கால்களில் ஒட்டியிருந்த உப்பைத் துடைத்து, மடக்கித் தோளில் போட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

முக்காலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச தூரம் நிம்மதியாகப் போனது. பிறகு மெல்லக் கேட்டது:

"ஏன் தம்பி, பாவம், அந்த நட்சத்திரங்களுக்குக் கால்ல ஏதாவது கோளாறா?"