தேயாத கத்தி

பட்டறையில் கையால் அடித்த அந்தக் கத்திக்குத் தன் உடம்பின்மேல் கொள்ளை ஆசை. சாணைக்கல் கூப்பிட்டாலே உதறல் எடுக்கும்.

"வா தம்பி, லேசா தேய்ச்சு விடறேன்."

"ஆளை விடுங்க அண்ணே, தேய்ச்சா தேஞ்சு போயிடுவேன்!"

ஒருநாள் வீட்டுக்காரி செண்பகவல்லி ரசத்துக்குத் தக்காளி நறுக்க அதை எடுத்தாள். கத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்வந்தது. தக்காளி நெளிந்து நெளிந்து சிரித்தது.

"ஐயோ, கூசுது மாமா! சட்டுனு வெட்டுங்க!"

"சரியான மொக்கை" என்று செண்பகவல்லி கத்தியை ஓரமாகப் போட்டாள்.

அன்றிலிருந்து பெருங்காய டப்பாவின் மூடியை நெம்புவதுதான் அதற்கு வேலை.

"எப்படி இருக்கே தம்பி?" என்று கேட்டது சாணைக்கல்.

பெருங்காய வாசத்தோடு கத்தி நெஞ்சை நிமிர்த்தியது.

"பாருங்க அண்ணே, மயிரிழைகூடத் தேயலை!"