பார்வைக் கோடு

பேச்சியம்மாள் இன்றைக்கும் வந்துவிட்டாள். இடுகாட்டுக்கு முன்னால் நட்டிருந்த மூங்கில் கன்றுகளின் ஓரமாக நின்று, செம்பிலிருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். நிமிர்ந்து எதிரே ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

குன்றின் விளிம்பில் அளவு நாடாவும் கையுமாக நின்ற சிவசம்பு அளப்பதை நிறுத்தினார். ரப்பர் தோட்டத்துத் துரையின் புதுப் பங்களாவுக்குப் பிளான் போட ஜொகூர் பாருவிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் அவர். வந்த ஐந்து நாளும் இதே கதைதான்.

“ஆர் அந்தப் பிள்ளை?” என்று கங்காணி வீரமுத்துவிடம் கேட்டார்.

“மொத லயத்து வீட்டு பேச்சியம்மாங்க. ஒத்தப் புள்ள, ஏழு வயசு, மூணு மாசத்துக்கு முந்தி காச்சல்ல போயிருச்சு. அவ வாசலுக்கு நேரா இருக்கு பாருங்க, அந்த மண்மேடுதான்.”

“இந்த மூங்கில்?”

“தொரசாணி சீமைக்குக் கப்பலேறுறதுக்கு முந்தி நடச் சொன்னாங்க. இன்னும் நாலு மாசத்துல எல்லாம் மறஞ்சிரும்.”

தண்ணீர் செத்த பிள்ளையின் தாகத்துக்கு என்று சிவசம்பு நினைத்துக்கொண்டார். அழுகிற பெண்ணிடம் போய் எதைக் கேட்பது? கேட்கவில்லை. பங்களாக்காரர்கள் கண்ணில் சாவு படக்கூடாதாம், அதற்காக ஒரு தாயின் கண்ணைக் கட்டுவதா என்று அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

அவர் மகளும் ஊரில் அந்த வயதில்தான் போனாள். கடிதம் கடல் கடந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புதைத்த இடத்தைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை.

மறுநாள் காலை, வராந்தா வரப்போகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கண் மட்டத்தை அளந்தார். குன்றின் விளிம்பைத் தாண்டி ஓடிய பார்வை நேரே போய் ஆற்றில் விழுந்தது. இடுகாடு இருக்கிற சுவடே தெரியவில்லை. விவரம் தெரியாமல் நட்டிருக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கோட்டைப் படத்தில் வரைந்தார்.

வேலை போனால் போகட்டும் என்று துரையின் முன்னால் படத்தை விரித்தார். நாற்காலியிலிருந்து பார்த்தால் இடுகாடு எப்படியும் தெரியாது; மூங்கில் வளர்ந்தால் ஆறுதான் மறையும் என்று கோட்டின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார்.

துரைக்கு ஆறு என்றால் உயிர். “எல்லாவற்றையும் பிடுங்கு. ஆற்றுக்கும் எனக்கும் நடுவே இனி ஒரு செடி முளைத்தாலும் நட்டவனுக்கு இங்கே வேலை கிடையாது” என்று சொல்லிப் பிளானில் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானத்துக்குள் கன்றுகளைப் பிடுங்கி ஆற்றில் வீசியாயிற்று.

சாயங்காலம் பேச்சியம்மாள் வந்தாள். வெறும் மண்ணைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிவசம்பு சந்தோஷம் தாங்காமல் தாமே குன்றிலிருந்து இறங்கிப் போனார்.

“இனி ஒருத்தரும் மறைக்க ஏலாது பிள்ளை. துரையிட்டைக் கையெழுத்தே வாங்கிப்போட்டன். சாகும்வரைக்கும் உன்ரை வாசல்லை இருந்தே பிள்ளையைப் பாக்கலாம்.”

அவள் தலை நிமிரவில்லை.

“கதவத் தொறந்தா அந்த மேடுதாங்க தெரியுது. வாயில வச்ச கஞ்சி எறங்க மாட்டேங்குது. பித்துப் புடிச்சிரும்போல இருக்கு.”

சிவசம்புவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள்:

“தொரசாணி கால்ல விழுந்து மூங்கில வைக்கச் சொன்னதே நான்தாங்க ஐயா.”