சந்திரனில் அரைப்பேர் இல்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வீரய்யா கங்காணி வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் இருந்தவர்கள் இவர்கள்: வீரய்யா, அவர் மனைவி அம்மாக்கண்ணு, அம்மாக்கண்ணுவின் தம்பி மூக்கன், பக்கத்து வீட்டுக் காம்பராச் செல்லசாமி, மருமகள் நாகலெட்சுமி.

வேறு யாரும் இல்லை. தாங்களும் கூட இருந்ததாகப் பிற்பாடு பாதித் தோட்டம் சொல்லிக்கொண்டது.

பாயின் நடுவில் ஒரு புத்தகம் கிடந்தது. மதராசில் அச்சானது, மூக்கன் நுவரெலியாவிலிருந்து வாங்கி வந்தது. சந்திரனுக்குப் போன குணசீலன் கதை, இரண்டாம் பாகம்.

முதல் பாகத்தை, கண் நன்றாக இருந்த காலத்தில், அட்டை பிய்ந்து போகும்வரை படித்தவர் வீரய்யா. ஆகாயக் கப்பலில் எண்ணெய் தீர்ந்து, சந்திரனில் குணசீலன் தன்னந்தனியாக நிற்பதோடு அது முடிந்திருந்தது. இரண்டாம் பாகம் விரைவில் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

அந்த 'விரைவில்' பல வருடம் இழுத்தது. அதற்குள் ரஷ்யாக்காரன் ஒரு நாயையே வானத்துக்கு அனுப்பிவிட்டான். வீரய்யாவின் கண்ணில் பூ விழுந்துவிட்டது.

இடையில் ஒரு மழை நாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒதுங்கியிருந்தவர்கள், அப்புறம் குணசீலன் என்ன ஆனான் என்று குடைந்தார்கள். இரண்டாம் பாகம் வந்துவிட்டது, நுவரெலியாவில் ஒருவர் வாசிக்கக் கேட்டேன் என்று வீரய்யாவின் வாயில் வந்துவிட்டது.

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

ஆகவே குணசீலன் பிழைத்தான். டயகமத் தோட்டம் மாதிரி ஒரு சரிவைப் பார்த்துத் தேயிலை நட்டான். அங்கிருந்த சனங்களைக் கூட்டி, காலையில் வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துப் பெரட்டு எடுத்தான். துரை கிடையாது. கொழுந்து குறைந்த நாளில் பாதிச் சம்பளம் போடுகிற அரைப்பேர் கிடையாது. மழையானாலும் வெயிலானாலும் எல்லோருக்கும் முழுப்பேர்.

தோட்டம் அதை நம்பியது. கங்காணி வேலையை விட்ட பிறகும், லயத்தில் அடிதடி என்றாலும் கலியாணப் பேச்சு முறிந்தாலும் வீரய்யா சொல்வதுதான் முடிவு. இந்த ஒன்று பொய் என்று தெரிந்துவிட்டால், அவர் சொன்ன மற்றதெல்லாம் என்ன என்று கேட்பார்கள்.

மூக்கனுக்கு அது தெரியும். ஓர் ஆட்டு வழக்கில் சொந்த மச்சானே தனக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதை அவர் இன்னும் செரிக்கவில்லை.

"என்னாங்க மச்சான், நீங்க சொன்னதும் அச்சுல போட்டிருக்கிறதும் ஒன்னுதானான்னு பாத்துருவமா?"

வீரய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசிக்கச் சொல்லு என்று அம்மாக்கண்ணுவிடம் சொன்னார்.

வீரய்யாவுக்குக் கண் மங்கிய பிறகு அங்கே வாசிக்கக் கூடியவள் நாகலெட்சுமி ஒருத்திதான். மகன் தன் இஷ்டத்துக்குப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவள். வந்த நாளிலிருந்து வீரய்யா அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதையும் மனைவியைப் பார்த்துத்தான் சொல்வார்.

அவள் வாயால்தான் இன்றைக்கு மானம் போக வேண்டும் என்று இருக்கிறது.

நாகலெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்து, தனக்குள்ளேயே இரண்டு மூன்று பக்கம் பார்த்தாள். ஓரிடத்தில் நின்றாள். எழுத்து ஓடவில்லையா என்று செல்லசாமி சிரித்தான். அவள் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து, வரியில் விரலை வைத்து, உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.

வீரய்யாவுக்கு மானத்தைப் பற்றிய பயம் இருந்தது. அதற்குச் சமமாக, குணசீலன் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது. இரண்டையும் அவர் முகத்தில் காட்டவில்லை.

குணசீலன் பிழைத்திருந்தான்.

சரிவு பார்த்தான். தேயிலை நட்டான். சனங்களைக் கூட்டினான்.

மூக்கன் கழுத்தை நீட்டிப் புத்தகத்தைப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவருக்கு விரல் நகர்வது மட்டும்தான் தெரிந்தது.

நாகலெட்சுமி ஒரு பக்கத்தைத் திருப்பினாள். சந்திரனில் அரைப்பேர் போடுகிற வழக்கம் இல்லை என்று அதே குரலில் வாசித்தாள்.

செல்லசாமி தொடையில் தட்டினான். மூக்கன் வெற்றிலையைத் துப்புகிறவர் போல எழுந்து வெளியே போனார். புத்தகத்தைத் திருப்பிக் கேட்க அவர் வரவேயில்லை.

வீரய்யா மட்டும் அசையவில்லை. மதராசில் உட்கார்ந்து கதை எழுதுகிற மனுசனுக்கு அரைப்பேர் என்றால் என்ன தெரியும்?

செல்லசாமியும் போய்விட்டான். அம்மாக்கண்ணு குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். வீரய்யா தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் தடவையாக மருமகளின் பக்கம் திரும்பினார்.

"நெசமா அவன் என்னா ஆனான், புள்ள?"

நாகலெட்சுமி புத்தகத்தை மூடினாள்.

"நல்லாத்தான் இருக்கான், மாமா."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளும் புத்தகத்தை உள்ளே கொண்டுபோய்த் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

வீரய்யா கங்காணியின் கதையை மதராஸ் எழுத்தாளர் ஒருவர் திருடி அச்சடித்துவிட்டார் என்று உடப்புசல்லாவை வரைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல. அந்த எழுத்தாளருக்கு வீரய்யாவையும் தெரியாது, தேயிலையையும் தெரியாது. அவருடைய புத்தகத்தில் குணசீலன் மூன்றாம் பக்கத்திலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகிறான்.