மூக்கின் பின்கட்டு

முப்பது வருடங்களாக ஊரார் மூக்கில் வழிந்த ரத்தத்தை நிறுத்திய டாக்டர் ஏகாம்பரத்தால் தன் மூக்கில் வழிந்ததை நிறுத்த முடியவில்லை. மூக்கின் முன்பகுதியில், சின்ன ரத்தக் குழாய்கள் வந்து கூடும் இடத்தில்தான் பெரும்பாலும் ரத்தம் கசியும். அதை நம்பி, கண்ணாடி முன் நின்று தானே துணித்திரி வைத்து இரண்டு நாள் அடைத்துப் பார்த்தார். ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. கடைசியில், யாரிடம் போகவே கூடாது என்றிருந்தாரோ அந்த டாக்டர் செண்பகவல்லியின் ஆபரேஷன் மேஜையில்தான் படுக்க வேண்டியதாயிற்று. நோயாளிகள் இப்போதெல்லாம் இவர் அறையைத் தாண்டி அவளிடம்தான் போகிறார்கள்.

"முன்னாடி ஒண்ணுமே இல்ல சார். பின்னாடி, எலும்பு மறைவுல இருந்து வர்ற பெரிய குழாய். ஒரு கிளிப் போட்டேன், நின்னுடுச்சு. இருபது நிமிஷம்தான்," என்றாள் மறுநாள் காலை. "ரெண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. உங்களுக்குப் போய் நான் சொல்லணுமா!"

அவள் போனதும் ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ், "மேடத்துக்கு நல்ல கைராசி சார்," என்றாள். அந்தச் சொல்லை இந்த ஆஸ்பத்திரியில் இதுவரை அவரைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நர்ஸ் வெளியே போகும்வரை காத்திருந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பலமாகச் சிந்தினார். விரித்துப் பார்த்தார். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. கைக்குட்டையை மடித்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, இன்னும் பலமாகச் சிந்தினார்.