உதவியாளர் வேலை

“முழு உதவித்தொகை கிடைச்சிருக்கு. அதை விட்டுட்டு உதவியாளர் வேலை கேக்கிறியே, உனக்கென்ன கிறுக்காம்மா?” என்றார் பல்கலைக்கழக நிதியுதவி அதிகாரி.

“வேதியியல் பேராசிரியைகிட்டதான் வேணும் சார்” என்றாள் முதுகலை மாணவி.

“அந்தச் சிடுமூஞ்சிகிட்டயா? ஒருத்தரும் தாக்குப்பிடிச்சதில்லையே!”

“உதவியாளருக்கு வாராவாரம் அவங்க நேரம் ஒதுக்கியே ஆகணும்னு விதி இருக்குல்ல?”

“இருக்கு. அதுக்கு?”

“அவங்க என் அம்மா சார். வீட்டுல எனக்குன்னு அஞ்சு நிமிஷம் ஒதுக்கினதில்ல.”

அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டார். “சொந்தக்காரங்களைச் சேர்க்கக் கூடாதும்மா. அதுவும் விதிதான்” என்றார் மெதுவாக.

உதவித்தொகைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள் அவள்.

“பரவால்ல சார். மாணவர்கள் சந்தேகம் கேக்கிற நேரம்னு அவங்க அறைக் கதவுல எழுதி ஒட்டியிருக்கு. வரிசையில நின்னுக்கறேன்.”